பேஜ்ல ஒரு மூலை மட்டும் மாறுது, லைன்ல என்ன ஓடுது?

நீங்க கேட்டது இதுதானே. மைக்ரோசாஃப்டோட பழைய ஏஎஸ்பி டாட் நெட் வெப்ஃபார்ம்ஸ்ல எழுதுன பேஜ், மேல மாவட்டம் தாலுகான்னு ரெண்டு டிராப்டவுன், கீழ 200 வரி இருக்குற ஒரு கிரிட் (அட்டவணை). மாவட்டத்த மாத்துனா பேஜ் மொத்தமும் வெள்ளையாகி திரும்ப வந்துச்சு, அதனால எல்லாத்தையும் தூக்கி, பேஜ்ல ஒரு பகுதிய மட்டும் புதுப்பிக்கிற அப்டேட்பேனல்ங்கிற டப்பாக்குள்ள போட்டுட்டீங்க. இப்ப பேஜ் மினுக்கறதில்ல, ஆனா ஸ்பீடும் கூடல, சர்வர் சிபியுவும் குறையல, ஏன்?

குறையாதுங்க, குறையறதுக்கு அங்க எதுவுமே நடக்கல. திரைல ஒரு துண்டு மட்டும் மாறுதுங்கிறதால லைன்லயும் ஒரு துண்டுதான் போயிட்டு வருதுன்னு நாம நினைச்சுக்கிறோம், எல்லாரும் ஒரு தடவ இந்தக் குழில விழுந்து எழுந்தவங்கதான், நானும் சேர்த்து. பேஜ்ல பாதிய மட்டும் மாத்துறது ஒரு விஷயம், பிரௌசரும் சர்வரும் என்ன பேசிக்கிறாங்கங்கிறது இன்னொரு விஷயம். ரெண்டும் ஒண்ணா குறையணும்னா அதுக்குன்னு தனியா வேலை செய்யணும், இல்லேன்னா சில சமயம் முதல்ல இருந்தத விட பேச்சுவார்த்தை கூடத்தான் செய்யும்.

முதல்ல அப்டேட்பேனல் இல்லாதப்ப என்ன நடக்குதுன்னு பாருங்க. டிராப்டவுன மாத்துனதும் பிரௌசர் அந்த ஃபார்ம்ல இருக்குற எல்லா ஃபீல்டையும், கன்ட்ரோலுங்களோட நிலைமைய சுமந்துட்டு வர்ற, கண்ணுக்குத் தெரியாத வியூஸ்டேட் ஃபீல்டையும் சேர்த்து ஒரு போஸ்ட் ரிக்வெஸ்டா அனுப்புது, இதத்தான் போஸ்ட்பேக்னு சொல்றது. சர்வர் பேஜ் ஆப்ஜெக்ட புதுசா உருவாக்கி, எல்லா கன்ட்ரோலையும் கட்டி, வியூஸ்டேட்ட பிரிச்சு பழைய நிலைமைக்குக் கொண்டுவந்து, லோட் ஈவென்ட் ஓட்டி, உங்க டிராப்டவுன் ஈவென்ட்ட ஓட்டி, ப்ரீரெண்டர் ஓட்டி, கடைசில முழு எச்டிஎம்எல்ல எழுதி அனுப்புது. பிரௌசர் பழைய பேஜ தூக்கிப் போட்டுட்டு புதுசா எல்லாத்தையும் வரையுது. வெள்ளையா மினுக்கறது அந்த இடத்துலதான்.

இப்ப அப்டேட்பேனல் போட்டாச்சு. மாறுனது என்ன? பிரௌசர்ல அந்த ஃபார்ம் சப்மிட்ட நடுவுல பிடிச்சு நிறுத்தி, அதே ஃபீல்டுங்கள, அதே வியூஸ்டேட்டோட, ஜாவாஸ்கிரிப்ட் வழியா அதே யூஆர்எல்லுக்கு போஸ்ட் பண்ணுது, கூட ஒரு ஹெடரும் ஒண்ணு ரெண்டு சின்ன ஃபீல்டும், இது டெல்டா, அதாவது மாறுன துண்ட மட்டும், கேட்குற ரிக்வெஸ்ட்னு சொல்றதுக்கு. சர்வர் பக்கம் மேல சொன்ன அத்தனை ஸ்டெப்பும் ஒண்ணு விடாம ஓடுது. பேஜ் லோட்ல நீங்க டேட்டாபேஸ்ல இருந்து எதையாவது எடுக்குறீங்கன்னா அதுவும் மறுபடி எடுக்கப்படும். வித்தியாசம் கடைசி படியில மட்டும்தான், பேனலுக்குள்ள இருக்குற எச்டிஎம்எல்ல மட்டும் பொறுக்கி, நீளம், வகை, ஐடி, உள்ளடக்கம்னு நடுவுல செங்குத்துக் கோடு போட்டுப் பிரிச்சு ஒரு விநோதமான டெக்ஸ்ட்டா அனுப்பும். (அந்த டெக்ஸ்ட் நடுவுல யாராவது டீபக் பண்ண ரெஸ்பான்ஸ் ரைட் ஒண்ணு போட்டு மறந்துட்டா போதும், பிரௌசர்ல பார்சர் எரர்னு ஒரு பாப்அப் வந்து நாள் பூரா நம்மள சுத்த விடும்.) நீங்க வேற எல்லாத்தையுமே ஒரே பேனலுக்குள்ள வெச்சிருக்கீங்க, அப்ப தாலுகா லிஸ்ட் மாறுறதுக்காக அந்த 200 வரி கிரிட்டும் மறுபடி வந்து இறங்குது. புது வியூஸ்டேட்டும் கூடவே வருது, ஏன்னா அடுத்த போஸ்ட்பேக்குக்கு அது வேணும்ல.

இதுல யாரும் கவனிக்காதது பிரௌசர்ல இருந்து சர்வருக்கு மேல போற பாரம்தான். எல்லாரும் நெட்வொர்க் டாப்ல ரெஸ்பான்ஸ் சைஸ மட்டும் பார்ப்பாங்க. கிரிட்டோட வியூஸ்டேட் 180 கேபின்னு ஒரு கணக்குக்கு வெச்சுக்குவோம், பெரிய கிரிட்டுக்கு இது ஒண்ணும் அதிசயமான சைஸ் இல்ல. ரெஸ்பான்ஸ சர்வர் ஜிஜிப் பண்ணி, அதாவது சுருக்கி, அனுப்ப முடியும், ஆனா பிரௌசர் அனுப்புற ரிக்வெஸ்ட் பாடிய தானா யாரும் சுருக்கறதில்ல, அது அப்படியே முழுசாத்தான் போகும். வியூஸ்டேட் பேஸ்64ல இருக்குறதால ஏற்கெனவே மூணுல ஒரு பங்கு ஊதிப்போன சரக்கு, அதுக்கு மேல ஃபார்ம் என்கோடிங்ல ஒவ்வொரு கூட்டல் குறியும் சாய்வுக்கோடும் மூணு எழுத்தா மாறும். அப்லோட் 1 எம்பிபிஎஸ்தான் கிடைக்குதுன்னா அந்த 180 கேபி போய்ச் சேரவே கிட்டத்தட்ட ஒன்றரை வினாடி. பத்து தாலுகா பேர வாங்குறதுக்கு இவ்வளவு பெரிய மூட்டைய தூக்கிட்டுப் போறோம். ஆபீஸ் லேன்ல டெஸ்ட் பண்ணா இது தெரியவே தெரியாது, கிளை ஆபீஸ்ல டாங்கிள் வெச்சு உட்கார்ந்திருக்கிறவருக்குத்தான் தெரியும்.

அப்ப அப்டேட்பேனலே வேஸ்ட்டான்னா அப்படியும் இல்ல. பிரௌசர் பக்கம் நிஜமான லாபம் இருக்கு. முழு பேஜ் வந்தா எச்டிஎம்எல் பூரா மறுபடி பார்ஸ் ஆகணும், ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் முதல்ல இருந்து ஓடணும், ஸ்க்ரோல் எங்க இருந்துச்சு, கர்சர் எங்க இருந்துச்சு எல்லாம் போயிடும். அது மிச்சம். ஆனா முழு பேஜ் வந்தா சிஎஸ்எஸ், படம், ஸ்கிரிப்ட் எல்லாம் திரும்ப டவுன்லோட் ஆகும்னு ஒரு பயம் இருக்கு பாருங்க, அது பெரும்பாலும் சரியில்ல, அதெல்லாம் கேஷ்ல இருந்து வரும், மிஞ்சிப்போனா சர்வர்ட்ட ஒரு தடவ கேட்டு 304, அதாவது 'மாறல'ங்கிற பதில், வாங்கிட்டு வரும். அதனால சர்வர் பார்வைல பழைய முறையும் அப்டேட்பேனலும் ஏறக்குறைய ஒரே செலவுதான்.

கொஞ்சம் பழைய கதை, ஏன்னா இதுல ஒரு பாடம் ஒளிஞ்சிருக்கு. எக்ஸ்எம்எல் எச்டிடிபி ரிக்வெஸ்ட்ங்கிறது பேஜ மாத்தாமலே ஜாவாஸ்கிரிப்ட்ல இருந்து சர்வர்ட்ட கேட்குற வசதி, மைக்ரோசாஃப்ட்ல அவுட்லுக் வெப் ஆக்ஸஸ் டீம் தங்களோட மெயில் பேஜுக்காகப் பண்ணது, 1999 மார்ச்ல இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 கூட வந்துச்சு, எம்எஸ்எக்ஸ்எம்எல் லைப்ரரிக்குள்ள வெச்சு அனுப்புனதாலதான் பேர்ல எக்ஸ்எம்எல் ஒட்டிக்கிச்சு. 2004ல ஜிமெயில், 2005 பிப்ரவரில கூகுள் மேப்ஸ், அதே மாசம் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இதுக்கு ஏஜாக்ஸ்னு பேர் வெச்சார், அதுக்கப்புறம் ஊரே ஓடுச்சு. அந்த மெயில், மேப் ரெண்டுலயும் சர்வர்ட்ட கேட்டதே சின்னச் சின்னத் துண்டுங்கதான், சர்வரும் அந்தத் துண்டுக்கான வேலைய மட்டும்தான் செஞ்சுச்சு. 2007 ஜனவரில ஏஎஸ்பி டாட் நெட் ஏஜாக்ஸ் 1.0 வந்தப்ப, இருக்குற பழைய பேஜுங்கள கை வைக்காமலே இந்த வித்தைய காட்டணும்ங்கிறதுக்காகப் பண்ண சமரசம்தான் அப்டேட்பேனல். தப்பான டிசைன்னு நான் சொல்ல மாட்டேன், அது எதுக்குப் பண்ணதுன்னு மறந்துட்டோம் அவ்வளவுதான்.

நிஜமாவே பேச்ச குறைக்கணும்னா சர்வர்ல அந்தத் துண்டுக்குன்னு தனி வாசல் வேணும். உங்க கேஸ்ல ஒரு ஸ்டாட்டிக் வெப்மெத்தட், மாவட்ட ஐடி உள்ள போகும், தாலுகா லிஸ்ட் ஜேசன்ங்கிற டேட்டா வடிவத்துல வெளிய வரும். வியூஸ்டேட் போகாது, பேஜ் லைஃப்சைக்கிள் ஓடாது, மேல போறது சில பைட்டு, கீழ வர்றது ஒண்ணு ரெண்டு கேபி. ஒண்ணு மட்டும் கவனம், ஜாவாஸ்கிரிப்ட்ல நீங்களா டிராப்டவுன்ல சேர்த்த ஐட்டம் சர்வருக்குத் தெரியாது, பின்னாடி சேவ் பண்றப்ப ஈவென்ட் வேலிடேஷன்ல (வந்த மதிப்பு தான் குடுத்ததுதானான்னு சர்வர் பார்க்குற சோதனை) அடி வாங்கும், அதனால அந்த டிராப்டவுன சர்வர் கன்ட்ரோலா இல்லாம சாதா எச்டிஎம்எல் செலக்ட்டா வெச்சு, தேர்ந்தெடுத்த ஐடிய ஒரு ஹிட்டன் ஃபீல்டுல வெச்சு அனுப்புங்க, சர்வர்ல அது நிஜமாவே அந்த மாவட்டத்துத் தாலுகாதானான்னு பார்த்துக்கோங்க. இன்னொரு வழி, துண்டு எச்டிஎம்எல்லாவே அனுப்பி ஒரு டிவ்ல மாட்டுறது, இப்ப எச்டிஎம்எக்ஸ், ரெயில்ஸ் ஆளுங்களோட டர்போ மாதிரி லைப்ரரிங்க எல்லாம் இதத்தான் பண்ணுது. ஜேசனா எச்டிஎம்எல்லாங்கிற சண்டைல எனக்குப் பெரிய ஆர்வமில்ல, சர்வர் எந்த வேலைய செய்யுதுங்கிறதுதான் கணக்கு.

அடுத்தது பலருக்குப் புரியாத மர்மம். நாலு துண்ட நாலு ரிக்வெஸ்ட்டா ஒரே நேரத்துல அனுப்புறோம், தனித்தனியா பார்த்தா ஒவ்வொண்ணும் அரை வினாடி, ஆனா சேர்த்து அனுப்புனா ஒண்ணு அரை, ஒண்ணு ஒண்ணு, ஒண்ணு ஒன்றரைன்னு படிக்கட்டு மாதிரி வரும். நான் முன்னாடி வேலை பார்த்த இடத்துல இதுக்காக டேட்டாபேஸ் இண்டெக்ஸ் எல்லாம் மாத்திப் பார்த்தோம், ரெண்டு நாள் வீணாப் போச்சு, குத்தவாளி செஷன் பூட்டு (செஷன்ங்கிறது ஒவ்வொரு யூசருக்கும் சர்வர் தனியா வெச்சுக்கிற ஞாபகம்). ஏஎஸ்பி டாட் நெட்ல ஒரு ரிக்வெஸ்ட் செஷன எழுதுற உரிமையோட தொறந்தா, அதே செஷன் ஐடியோட வர்ற அடுத்த ரிக்வெஸ்ட் வாசல்ல நிக்கணும், பூட்டு தொறந்துச்சான்னு அரை வினாடிக்கு ஒருக்கா எட்டிப் பார்த்துக்கிட்டு. பிஎச்பிலயும் டீஃபால்ட் ஃபைல் செஷன்னா இதே கதைதான், செஷன் ஸ்டார்ட் பண்ணா அந்த ஃபைல் பூட்டிக்கும். முழு பேஜ் காலத்துல ஒரு ஆளு ஒரு நேரத்துல ஒரு பேஜ்தான் கேட்பார், அதனால இந்தப் பூட்டு இருக்குறதே யாருக்கும் தெரியாது, துண்டு துண்டா கேட்க ஆரம்பிச்சதும் வெளிய வந்துடுச்சு. செஷன எழுதத் தேவையில்லாத இடத்துல ரீட்ஒன்லின்னு போட்டா சரியாகும், பிஎச்பில எழுதி முடிச்சதும் செஷன் ரைட் க்ளோஸ் கூப்பிட்டா போதும்.

வரிசை மாறுறது இன்னொண்ணு. முழு பேஜ்ல ஒரு கேள்வி, ஒரு பதில், முடிஞ்சது. சர்ச் பாக்ஸ்ல டைப் பண்ணப் பண்ண ரிக்வெஸ்ட் அனுப்புறோம்னு வைங்க, "மது"க்கு நிறைய ரிசல்ட், சர்வருக்கு நேரமாகும், "மதுரை"க்குக் கொஞ்சம்தான், சட்டுனு வந்துடும், அப்ப பின்னாடி அனுப்புனதுக்கு முதல்ல பதில் வந்து, முதல்ல அனுப்புனதோட பதில் லேட்டா வந்து அதுக்கு மேல உட்கார்ந்துக்கும். பாக்ஸ்ல மதுரைன்னு இருக்கும், கீழ லிஸ்ட்ல மதுரவாயலும் மதுராந்தகமும் நிக்கும். ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் ஒரு நம்பர் வெச்சு கடைசி நம்பரோட பதில மட்டும் எடுத்துக்கணும், இல்ல பழைய ரிக்வெஸ்ட்ட பாதியிலயே கைவிட்டு அபார்ட் பண்ணிடணும். அபார்ட் பண்ணா பிரௌசர் காதப் பொத்திக்கும், சர்வர் தான் பாட்டுக்கு அந்த க்வெரிய ஓட்டி முடிக்கத்தான் செய்யும், நீங்களா கேன்சல பார்த்து நிறுத்துற மாதிரி எழுதலேன்னா. அதனால முதல்லயே ஒரு 300 மில்லிசெகண்ட் கை நிக்கட்டும்னு காத்திருந்து அனுப்புறதுதான் சர்வருக்குச் செய்யுற உபகாரம்.

தமிழ்ல டைப் பண்ற சைட்டுன்னா இது இன்னும் மோசம், இத இங்கிலீஷ்ல எழுதுன டுடோரியல் எதுவும் சொல்லாது. ஃபோனடிக் கீபோர்டுல மதுரைன்னு அடிச்சா நடுவுல ம், ம, மத், மது, மதுர்னு அரைகுறையா எத்தன வடிவம் வருது, ஒவ்வொண்ணுக்கும் இன்புட் ஈவென்ட் விழும், "மத்"க்கும் "மதுர்"க்கும் சர்வர் வீணா போய்த் தேடிட்டு வரும். கம்போசிஷன், அதாவது கீபோர்டு எழுத்த சேர்த்துக் கட்டுற வேலை, நடக்குதான்னு பார்த்து, நடந்தா அனுப்பாதீங்க. எல்லா கீபோர்டும் அந்த ஈவென்ட்ட ஒழுங்கா விடாது, அதுக்கும் சேர்த்துதான் அந்த 300 மில்லிசெகண்ட். அதுபோக யூஆர்எல்ல தமிழ் எழுத்து போனா ஒவ்வொரு குறியீடும் மூணு பைட்டு, பெர்சன்ட் போட்டு எழுதுனா ஒம்பது எழுத்து. மதுரைங்கிறது யூனிகோட்ல அஞ்சு குறியீடு, அதுவே 45 எழுத்தாயிடும்.

செஷன் முடிஞ்சு போச்சுன்னா? முழு பேஜ்னா சர்வர் 302, அதாவது 'வேற பக்கத்துக்குப் போ'ங்கிற பதில், குடுத்து லாகின் பேஜுக்கு அனுப்பும், நல்லா வேலை செய்யும். ஜாவாஸ்கிரிப்ட்ல நீங்களா அனுப்புன ரிக்வெஸ்ட்டுக்கு 302 வந்தா பிரௌசர் உங்கள்ட்ட கேட்காமலே அதப் பின்தொடர்ந்து போய் லாகின் பேஜ எடுத்து, 200 ஓகேன்னு உங்க கைல குடுக்கும். நீங்க அத அப்படியே டிவ்ல மாட்டுவீங்க. கிரிட் இருக்க வேண்டிய இடத்துல, லோகோ மெனுவோட ஒரு குட்டி லாகின் பேஜ் உட்கார்ந்திருக்கும், பார்த்திருப்பீங்க. ஜேசன் எதிர்பார்த்தீங்கன்னா பார்ஸ் ஆகாம கன்சோல்ல செத்துக் கிடக்கும், யூசருக்கு ஒண்ணுமே தெரியாது. அப்டேட்பேனல் இத தானா பார்த்துக்கும், அது அதோட நல்ல குணம். கையால எழுதுறப்ப சர்வர் 401, அதாவது 'லாகின் இல்ல'ங்கிற பதில், குடுக்கணும், பிரௌசர்ல அதப் பார்த்து மொத்த பேஜையும் லாகினுக்கு அனுப்பணும்.

அப்புறம் டைமர். அஞ்சு வினாடிக்கு ஒருக்கா புது என்ட்ரி வந்துச்சான்னு கேட்குறது. 300 பேர் பேஜ தொறந்து வெச்சுட்டு டீ குடிக்கப் போனா கூட வினாடிக்கு 60 ரிக்வெஸ்ட், குக்கி எல்லாம் ஹெடர்ல தூக்கிக்கிட்டு. அதுல முக்கால்வாசிக்குப் பதில் "ஒண்ணும் இல்ல". அதவிட மோசம், ஒவ்வொரு கேள்வியும் செஷன் டைம்அவுட்ட புதுப்பிச்சுக்கிட்டே இருக்கும், அதனால 20 நிமிஷம் சும்மா இருந்தா லாக்அவுட்னு நீங்க வெச்சிருக்குற பாதுகாப்பு செத்துப்போச்சு, ஆள் வீட்டுக்குப் போயிருப்பார், செஷன் விடிய விடிய உயிரோட இருக்கும். ஆடிட்ல யாராவது கேட்டாத்தான் இது வெளிய வரும். சர்வர் தானா சொல்லட்டும்னா சர்வர் சென்ட் ஈவென்ட்ஸ், இல்ல வெப்சாக்கெட். முதல்ல சொன்னத பழைய எச்டிடிபி 1.1ல போட்டீங்கன்னா ஒரு ஹோஸ்ட்டுக்கு ஆறு கனெக்ஷன்தான் பிரௌசர் குடுக்கும், ஒவ்வொரு டாபும் ஒண்ண பிடிச்சு வெச்சுக்கும், ஏழாவது டாப் தொறந்தா அது சுத்திக்கிட்டே நிக்கும். எச்டிடிபி 2ல ஒரே கனெக்ஷன்ல எல்லாம் ஓடுறதால இந்தத் தொல்லை இல்ல.

பேக் பட்டன் பத்தி சுருக்கமா. முழு பேஜும் துண்டும் ஒரே யூஆர்எல்ல இருந்து வருது, ஹெடர மட்டும் பார்த்து சர்வர் எதக் குடுக்கணும்னு முடிவு பண்ணுதுன்னா, வேரி ஹெடர்ல (எந்த ஹெடரால பதில் மாறும்னு கேஷுக்குச் சொல்ற இடம்) அத சொல்லியே ஆகணும். சொல்லலேன்னா யூசர் வேற பேஜுக்குப் போயிட்டு பேக் அடிக்கிறப்ப கேஷ்ல கிடக்குற துண்டு மட்டும், சிஎஸ்எஸ் கூட இல்லாம, மொட்டையா வந்து நிக்கும். தனி யூஆர்எல் வெச்சுட்டா இந்த வம்பே இல்ல. அப்டேட்பேனல்ல இது வராது, அது எப்பவும் போஸ்ட், போஸ்ட்ட கேஷ் பண்றதில்ல. ஆனா அதே காரணத்தால மாவட்ட லிஸ்ட் மாதிரி வருஷக்கணக்கா மாறாத டேட்டாவக் கூட ஒவ்வொரு தடவையும் சர்வர்தான் குடுக்கணும், கெட் (GET) ரிக்வெஸ்ட்டா வெச்சிருந்தா ஒரு நாளைக்கு கேஷ்ல இருன்னு சொல்லிட்டு நிம்மதியா இருக்கலாம்.

எதிர்ப்பக்கம் போய் விழுறவங்களும் இருக்காங்க, அதையும் சொல்லிடறேன். ஒரு பேஜ 15 துண்டாக்கி ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஏபிஐ. சேர்ந்தாப்ல போனா பரவால்ல, ஆனா யூசர் ஐடி வந்தாத்தான் ஆபீஸ் ஐடி, அது வந்தாத்தான் மெனு, மெனு வந்தாத்தான் கிரிட்னு ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு நின்னா, போய் வர 100 மில்லிசெகண்ட் ஆகுற லைன்ல இந்த நாலு கேள்விக்கு 400 மில்லிசெகண்ட் சும்மா பயணத்துலயே போச்சு, சர்வர் ஒரு வேலையும் செய்யாம. எச்டிடிபி 2 வந்தாலும் இதுக்கு மருந்து கிடையாது. அதுல பாதி பழைய முறைல ஒரே பேஜா சர்வர்லயே கட்டி அனுப்பியிருந்தா வேகமா வந்திருக்கும்.

உங்க பேஜுக்கு வருவோம். எஃப்12 தட்டி நெட்வொர்க் டாப்ல அந்த போஸ்ட்ட தொறந்து, ரெஸ்பான்ஸ் இல்ல, ரிக்வெஸ்ட் பேலோடு எவ்வளவுன்னு பாருங்க. கிரிட்ல எடிட் எதுவும் இல்லேன்னா அதோட வியூஸ்டேட்ட ஆஃப் பண்ணுங்க, அந்த ஒரு வரிலயே பாதி வலி போயிடும், ஆனா பேஜ் மாத்துறது சார்ட் பண்றது இருந்தா ஒவ்வொரு தடவையும் டேட்டாவ மறுபடி பைண்ட் பண்ண வேண்டி வரும், பார்த்துக்கோங்க. பேனல ரெண்டாப் பிரிச்சு டிராப்டவுன் தனி, கிரிட் தனி, ரெண்டுக்கும் அப்டேட்மோட கண்டிஷனல் ஆக்குங்க, டீஃபால்ட் ஆல்வேஸ், அப்படியே விட்டா பிரிச்சும் பிரயோஜனமில்ல. கிரிட்டுக்கு மேல மொத்தம் எத்தனன்னு காட்டுற லேபிள் எந்தப் பேனல்ல இருக்குன்னு பாருங்க, வெளிய இருந்தா கிரிட் மாறும், அந்த எண்ணிக்கை பழசாவே நிக்கும், யாராவது அந்தப் பழைய எண்ணப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவாங்க. தாலுகா டிராப்டவுன வெப்மெத்தட்டுக்கு மாத்துறது அதுக்கப்புறம், நிதானமா. அப்புறம் அந்த ஃபார்ம்ல ஃபைல் அப்லோட் இருக்குன்னா அந்த சேவ் பட்டன போஸ்ட்பேக் ட்ரிகரா போட்டு முழு போஸ்ட்டாவே விடுங்க, இல்லேன்னா எல்லா ஃபீல்டும் ஒழுங்கா வரும், ஃபைல் மட்டும் வராது.